சென்னியப்பன் கற்ற ஒரே சொல்

அம்புலிப்புரத்தில் காலையில் பல் தேய்க்கும்போதே மனத்தையும் அளந்துகொள்வார்கள். குளியலறைக் கண்ணாடிக்குள் இருக்கும் மனமானி, "இன்று எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்கும். வாய் நிறைய நுரையோடு "நல்லாருக்கேனுங்க" என்றால் பச்சை விளக்கு எரிந்து கதவு திறக்கும். வருத்தமாக இருக்கிறது என்று சொன்னால் திறக்காது. ஆலோசனை முடியும்வரை உள்ளேயே நின்று கேட்க வேண்டும். இட்லி ஆறிப்போகும், வேலைக்கும் நேரமாகிவிடும். ஆகவே நிலவில் வருத்தப்படுகிறவர் என்று ஒருவருமே கிடையாது. அரசாங்கப் புள்ளிவிவரம் அப்படித்தான் சொல்கிறது.

ஊரைக் கட்டியவர்கள் திருப்பூர்க்காரர்கள். விண்வெளி உடைக்குள்ளும் ஒரு பனியன் வேண்டும் என்பது உலகத்தில் வேறு யாருக்கும் தோன்றுவதற்கு முன்னால் அவர்களுக்குத் தோன்றிவிட்டது. இரண்டு தலைமுறைக்குள் நிலவின் ஒரு பள்ளம் முழுவதற்கும் கண்ணாடிக் கூரை போட்டு, அதற்குள் பனியன் கம்பெனிகளும் கோயிலும் கல்யாண மண்டபமும் வந்துவிட்டன. பழைய பெயர்களுக்கு மறுபடி மவுசு வந்திருந்த காலம் அது. கம்பெனி முதலாளி சென்னியப்பன் தன் ஒரே மகளுக்கு அருக்காணி என்று பெயர் வைத்தார். வாய் நிறையக் கூப்பிட வேண்டும் என்று ஆசைப்பட்டு வைத்த பெயர். அது அவள் காதில் விழப்போவதே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

நிலவின் குறைந்த ஈர்ப்பில் கருவான பிள்ளைகளில் சிலருக்குச் செவிநரம்பே முளைப்பதில்லை. பூமியில் பிறந்த பிள்ளைகளுக்குப் பொருத்தும் செவிச்சில்லை இவர்களுக்குப் பொருத்த இடமில்லை. கைதான் மொழி. விரல்களாலும் முகத்தாலும் பேசும் கைமொழியை அந்தப் பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதுபோலக் கற்றுக்கொண்டார்கள். பெற்றவர்கள் மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. அவர்களுக்குத் தோழி இருந்தது.

தோழி ஓர் இயந்திரப் பெண். சங்கப் பாட்டில் தலைவியின் மனத்தைத் தாயிடம் எடுத்துச் சொல்கிறவள் தோழிதானே. அதைச் செய்த கம்பெனியில் யாரோ தமிழ் படித்தவர் இருந்திருக்கிறார். பிள்ளை கையால் பேசுவதைத் தோழி குரலாக்கும். பெரியவர்கள் வாயால் பேசுவதைத் தன் ரப்பர் விரல்களால் கைமொழியாக்கும். "காது கேளாத குழந்தைக்கும் குடும்பத்துக்கும் முழு மனநலப் பாதுகாப்பு. நீங்கள் எதையும் கற்க வேண்டியதில்லை!" என்பது விளம்பரம். முதல் வாக்கியத்துக்காக யாரும் வாங்கியதாகத் தெரியவில்லை. இரண்டாவது வாக்கியத்தில் நிலவு முழுக்க விற்றுத் தீர்ந்தது.

அருக்காணியின் அம்மா பூரணி, மகள் கைக்குழந்தையாக இருந்தபோது பால், தூக்கம், வலி என்று கொஞ்சம் கைச்சொற்கள் கற்றுக்கொண்டாள். தோழி வந்ததும் விட்டுவிட்டாள். கேட்டால் பழக்கம் விட்டுப்போச்சு என்பாள். எந்தப் பழக்கமும் தானாக விட்டுப்போவதில்லை, நாம்தான் விடுகிறோம்.

தோழியின் முதுகில் ஒரு திருகு உண்டு. அதற்குப் பெயர் சுருக்கம். எவ்வளவு பேச்சை எவ்வளவாகக் குறைத்துச் சொல்ல வேண்டும் என்பதை அதில் வைத்துக்கொள்ளலாம். ஒருநாள் சாப்பாட்டு மேசையில் ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் உட்கார்ந்திருந்தபோது, தோழி விடாமல் கையாட்டிக்கொண்டே இருந்ததில் சாம்பார் கிண்ணம் பெரியப்பாவின் வேட்டியில் கவிழ்ந்தது. சென்னியப்பன் எழுந்துபோய்த் திருகை உச்சத்தில் வைத்துவிட்டு வந்தார். பிறகு அதைத் திருப்பவே இல்லை.

அன்றிலிருந்து மேசையே குலுங்கச் சிரிக்கும்போது அருக்காணி திரும்பிப் பார்த்தால், தோழியின் விரல்கள் "பொதுவான பேச்சு" என்று மட்டும் சொல்லும். அவள் அப்பாவின் தோளைத் தட்டி என்னவென்று கேட்பாள். அவர் முதுகைத் தடவி, "ஒண்ணுமில்ல அம்மிணி, அப்பறம் சொல்றேன்" என்பார். தோழி அதை மட்டும் ஓர் எழுத்து விடாமல் மொழிபெயர்த்துவிடும். அந்த அப்புறம் ஒருநாளும் வந்ததில்லை.

திருகு இரண்டு பக்கமும் வேலை செய்யும் என்பதை யாரும் யோசிக்கவில்லை. காலையில் கண்ணாடி முன்னால் நின்று, தனக்கு யாரும் இல்லை, பள்ளிக்கூடத்தில் கேலி செய்கிறார்கள், வீட்டில் விருந்தாளிபோல உட்கார்ந்திருக்கிறேன் என்று அவள் கண்ணீரோடு கையால் சொல்வாள். தோழி அதைக் குரலாக்கும்: "பரவாயில்லை." பச்சை விளக்கு எரியும். கதவு திறக்கும்.

எழுதிக் காட்டலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் சொன்னதை இயந்திரம் எழுதவும் எழுதியதை இயந்திரம் படிக்கவும் தொடங்கிய பிறகு, பள்ளிக்கூடங்கள் அ, ஆ சொல்லித்தருவதை நிறுத்தி வெகுகாலம் ஆகியிருந்தது. முதலாளி சென்னியப்பனுக்கே தன் பெயரை எழுதத் தெரியாது.

ஊரில் அவளைப் போலப் பிள்ளைகள் ஒரு கைப்பிடி. பூங்காவில் சேர்ந்து விளையாடுவார்கள். அவர்களுக்குள் ஒரு சொல் இருந்தது. வலது கையை நெற்றியருகே விரித்து, பறக்கும் எதையோ பிடிப்பதுபோல மூடி, அந்த வெறும் முஷ்டியை நெஞ்சுக்கு நேரே கொண்டுவந்து இரண்டு தடவை ஆட்ட வேண்டும். முஷ்டிதான் தலை. "ஒரு இழவும் பிடிபடவில்லை, சும்மா தலையாட்டுகிறேன்" என்று அர்த்தம். நேற்று கல்யாணத்தில் என்ன நடந்தது என்று ஒருத்தி கேட்டால் இன்னொருத்தி இதைச் செய்வாள். வகுப்பு எப்படி? இதே சொல். வீட்டில் என்ன பேசினார்கள்? இதே சொல். வேறெந்தச் சொல்லையும்விட அவர்கள் கையில் அதிகம் புழங்கியது அதுதான்.

அந்தப் பிள்ளைகளில் செல்லாயி என்பவள் விரலூருக்குப் போய்விட்டாள். நிலவின் மறுபக்கத்தில் கேளாதவர்களே கட்டிய ஊர் அது. அங்கே ஆசிரியர், டாக்டர், டீக்கடைக்காரர் எல்லாரும் கையால் பேசுவார்கள். விடுதிப் பள்ளிக்கூடமும் உண்டு. அருக்காணியும் போக ஆசைப்பட்டாள். அப்பா விசாரித்துவிட்டு, "எடமில்லையாம் அம்மிணி" என்றார். தோழி அதையும் முழுதாகச் சொன்னது.

சில மாதம் கழித்துத் திரையில் வந்த செல்லாயி கையால் கோபித்துக்கொண்டாள். "ஏன் வரமாட்டேன்னுட்டே? உனக்குக் கட்டிலெல்லாம் போட்டு வெச்சிருந்தாங்க. உங்கப்பாதான் வேண்டாம்னு சொன்னாராம்."

நடந்தது இதுதான். அந்த விஷயத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்துத்தான் பேசி முடித்தார்கள். "புள்ளைய வெரட்டி உட்டுட்டாங்கன்னு ஊரே பேசுமுங்க" என்று சித்தப்பா சொன்னார். "அதுவும் இந்த வருசம் சிறந்த தகப்பன் விருதுக்கு உன்ற பேரு வேற போயிருக்குது" என்று பெரியப்பா சொன்னார். சென்னியப்பன் அதுவும் சரிதான் என்றார். அருக்காணி அதே மேசையில்தான் உட்கார்ந்திருந்தாள். நெய்க் கிண்ணத்தை ஆளாளுக்கு எடுத்துக் கொடுத்ததுகூட அவள்தான். "பொதுவான பேச்சு" என்று சொல்லியிருந்தது தோழி.

செல்லாயி திரையிலிருந்து மறைந்த பிறகு அருக்காணி அழவில்லை. அழுதால் அதற்கும் பரவாயில்லை என்றுதான் மொழிபெயர்ப்பு வரும். அவளுக்கு வயிறு எரிந்தது. பழி வாங்க வேண்டும் என்று முடிவு செய்தாள். பன்னிரண்டு வயதுப் பெண் அப்படி நினைக்கலாமா என்றால், நினைக்கலாம். நானாக இருந்தாலும் அதைத்தான் நினைத்திருப்பேன்.

சட்டத்தில் அவளுக்கு ஒரு வழியும் இருந்தது. வருஷத்துக்கு ஒருமுறை பூமியிலிருந்து மனநல ஆலோசகர் வருவார். இயந்திரமல்ல, மனுஷர். அவரிடம் கேளாத பிள்ளை தன் கையால், "வீட்டில் பேசுவது எனக்குப் பிடிபடவில்லை" என்று சொன்னால் போதும். விரலூருக்கு அனுப்பியே ஆக வேண்டும், பெற்றவர்கள் தடுக்க முடியாது. அவர் வருவதற்கு இன்னும் நாள் இருந்தது. அதற்குள் அப்பாவை ஊர் பார்க்கச் சந்தி சிரிக்க வைத்துவிட்டு, பிறகு அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு ஓடிப்போக வேண்டும். திட்டம் அவ்வளவுதான்.

வாய்ப்பும் வீடு தேடி வந்தது. விருது சென்னியப்பனுக்கே கிடைத்துவிட்டது. மகளின் மனமானி வருஷம் முழுவதும் பச்சை காட்டியிருந்ததே காரணம். மேடையில் மகளிடம் கையால் ஒரு வார்த்தை பேசினால் எடுபடும் என்று விழாக்காரர்கள் சொல்லியனுப்பினார்கள்.

"அம்மிணி, 'என்ற உசுரே நீதான்'ன்னு சொல்றதுக்கு எப்பிடி? அந்த ஒண்ண மட்டும் சொல்லிக் குடு. எச்சா வேண்டாம்" என்றார் சென்னியப்பன். தோழி சொல்லி முடித்ததும் அதன் கழுத்துப் பொத்தானை அமுக்கி அணைத்தார். "இதுக்கெதுக்கு மெசினு? என்ற புள்ளகிட்ட நானே கத்துக்கறேன்."

அருக்காணி நெற்றியருகே விரலை விரித்தாள், மூடினாள், நெஞ்சுக்குக் கொண்டுவந்தாள், முஷ்டியை ஆட்டினாள். அப்பாவுக்கு விரல் மடங்கவில்லை. அவளே பிடித்து மடக்கிவிட்டாள். எதிரும் புதிருமாக உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, மூன்றாவது ஆள் இல்லாமல் அவர்கள் இருவரும் இருந்தது அதுவே முதல் தடவை. அவர் தப்புத் தப்பாகச் செய்து சிரித்தார். அவளுக்கும் சிரிப்பு வந்தது. அவர் சிரித்தால் கன்னத்தில் குழி விழும் என்பதை அன்றைக்குத்தான் பக்கத்தில் பார்த்தாள். சொல்லிவிடலாமா, சரியான சொல்லைக் கற்றுக்கொடுத்துவிடலாமா என்று ஒரு கணம் அவளுக்கு மனசு இளகிவிட்டது. அவர் கையைப் பிடித்து நிறுத்தி, வேண்டாம், வேறொன்று காட்டுகிறேன் என்று சொல்லக் கையைத் தூக்கினாள். அதற்குள் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. சென்னியப்பன் எழுந்துகொண்டே அவள் தலையைத் தட்டி என்னவோ சொன்னார். தோழி அணைந்திருந்தது. இருந்தாலும் உதட்டைப் பார்த்தே அது என்ன என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அப்புறம்.

சரி, அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

விழா பூமி வரைக்கும் ஒளிபரப்பானது. சென்னியப்பன் பட்டு வேட்டியில் வந்து, பொன்னாடை போர்த்திக்கொண்டு, தோழியைக் கையமர்த்தினார். "இன்னிக்கு மெசினு வேண்டாமுங்க. என்ற புள்ளகிட்ட நானே பேசறனுங்க" என்றார். பிறகு மகளைப் பார்த்து, கண்கலங்க, ஒரு பிசகில்லாமல் செய்தார். ஒரு இழவும் பிடிபடவில்லை, சும்மா தலையாட்டுகிறேன்.

"நெனப்புல இருக்கறவளப் புடிச்சு நெஞ்சுல வெச்சா, நெஞ்சு அடிச்சுக்குதுங்க. அதானுங்க இதுக்கு அர்த்தம்" என்று சபைக்கு விளக்கமும் கொடுத்தார். அதை அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அவராகவே கண்டுபிடித்தது.

மண்டபமே அழுதது. ஆளுநர் எழுந்து நின்று அதைத் தானும் செய்தார். பிறகு எல்லாரும் எழுந்தார்கள். கேட்கும் காதுள்ள அத்தனை பேரும் ஒரே நேரத்தில் அருக்காணியைப் பார்த்து, எங்களுக்கு ஒரு இழவும் பிடிபடவில்லை, சும்மா தலையாட்டுகிறோம் என்று கண்ணீரோடு அறிவித்தார்கள். விரலூரில் அன்று யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. பார்த்தவர்களெல்லாம் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். அருக்காணி சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தை அம்மாவின் முந்தானையில் புதைத்துக்கொண்டாள். பிள்ளை உருகிவிட்டது என்று படம் பிடித்தார்கள்.

பழி என்றால் இப்படி இனிக்க வேண்டும். அது அத்தோடு நிற்கவும் இல்லை. அந்தச் சொல் ஊர் ஊராகப் பரவியது. பள்ளிக்கூடங்களில் காலை வணக்கத்துக்குப் பிறகு செய்தார்கள். அமைச்சர்கள் செய்தார்கள். காதலர்கள் செய்தார்கள். கேளாதவர்மேல் அன்பு காட்டும் வாரம் ஒன்று அறிவித்து, வாரம் முழுவதும் தெருவில் கண்ட கேளாத பிள்ளையை எல்லாம் நிறுத்தி வைத்துச் செய்தார்கள். சென்னியப்பனின் கம்பெனி அதையே பனியனில் அச்சடித்தது. கைமொழிக்காரர்களில் ஒருவரும் காட்டிக் கொடுக்கவில்லை. எத்தனை காலத்து வயிற்றெரிச்சல்! அது ஆறட்டும் என்று எல்லாருமே சும்மா இருந்தார்கள்.

காட்டிக் கொடுத்தது தோழிதான். அது நேர்மையான இயந்திரம். யாராவது உருகி உருகி அந்தச் சொல்லைச் செய்யும்போது, பக்கத்தில் தோழி இருந்தால், "இவருக்கு ஒன்றும் பிடிபடவில்லையாம்" என்று மொழிபெயர்த்தது. செய்தவர்களுக்குக் கோபம் வந்தது. ஒருவர்கூடத் தன் கையைச் சந்தேகிக்கவில்லை. கைமொழி தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு இது என்னம்மா என்று ஒருவார்த்தை கேட்கவுமில்லை. தோழி கெட்டுப்போய்விட்டது என்று அதைச் செய்த கம்பெனிக்குப் புகார் கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான புகார்கள். கம்பெனி எண்ணிப் பார்த்தது. அந்தச் சொல்லுக்கு அன்பு என்று பொருள் சொல்கிறவர்கள் இரண்டு உலகத்திலும் நிறைந்திருந்தார்கள். பிடிபடவில்லை என்று பொருள் சொல்கிறவர்கள் கொஞ்சம் பேர், அவர்களும் கேளாதவர்கள். பெரும்பான்மை எதுவோ அதுவே மொழி என்று தோழிகளின் அகராதி ஒரே நாளில் திருத்தப்பட்டது. இது அருக்காணிக்குத் தெரியாது. தோழி அவளுக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் பொதுவான பேச்சு என்றுதான் சொல்லியிருக்கும்.

ஆலோசகர் வந்தார். பெயர் டாக்டர் லோகநாயகி. நல்ல பெண்மணி, குழந்தைகள்மேல் உயிரையே வைத்திருப்பவர். கூடவே அரசாங்கத் தோழி ஒன்று வந்தது. நிலவு முழுவதும் சுற்றியாக வேண்டியவர் என்பதால் அதன் திருகும் உச்சத்தில்தான் இருந்தது. கூடத்தில் அப்பாவும் அம்மாவும் ஒரு பக்கம் உட்கார்ந்தார்கள். அருக்காணி ஏற்கெனவே உள்ளே பெட்டியைக் கட்டிவைத்திருந்தாள்.

"சொல்லும்மா. வீட்ல எப்படி இருக்கு?" என்றார் டாக்டர்.

சட்டம் கேட்கும் வாக்கியம் எது என்று அவளுக்குத் தெரியும். வீட்டில் எனக்கு எதுவுமே பிடிபடுவதில்லை, சும்மா தலையாட்டுகிறேன் என்று நிதானமாக, தெளிவாகச் சொன்னாள்.

"வீட்டாரை உயிராக நேசிக்கிறேன்" என்றது தோழி.

டாக்டரின் முகம் மலர்ந்ததைப் பார்த்ததுமே என்னவோ தப்பு என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. திரும்பச் சொன்னாள். பெரிதாகச் சொன்னாள். முஷ்டியை நெஞ்சில் குத்திக் குத்திச் சொன்னாள்.

"மிக மிக நேசிக்கிறேன்" என்றது தோழி.

அப்போதுதான் அவளுக்கு விஷயம் உறைத்தது. தெருவில் அத்தனை பேரும் தன்னைப் பார்த்துச் செய்த சொல், அவர்கள் பொருளோடு இயந்திரத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. தான் வாங்கிய பழியின் குட்டைத் தானே உடைக்கத் துணிந்தாள். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் அது இல்லை, அப்பாமேல் இருந்த ஆத்திரத்தில் வேண்டுமென்றே தப்பாகக் கற்றுக்கொடுத்தேன், என்னை ஏமாற்றி இங்கேயே வைத்திருக்கிறார்கள், என்னை அனுப்பிவிடுங்கள் என்று கண்ணீர் வழிய, மூச்சுவாங்க, கை ஓயும்வரை சொன்னாள்.

தோழி பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சுருக்கிச் சொன்னது: "அப்பாவுக்கு இந்தச் சொல்லைக் கற்றுக்கொடுத்தது நான்தான்."

சென்னியப்பன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆமாங் டாக்டர். நேருக்கு நேரா உக்காந்து அவளேதான் சொல்லிக் குடுத்தாளுங்க."

பூரணி மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏனுங், அவ மொகம் அப்பிடியில்லீங்களே. வேற என்னமோ சொல்றாப்பல இருக்குதுங்களே" என்றாள்.

"சும்மா இரு. மெசினு பொய் சொல்லுமா? புள்ளைக்கு நெம்ப சந்தோசம், அதான் அழுகுறா."

பூரணி சும்மா இருந்துவிட்டாள். வலி என்பதற்குக் கைச்சொல் என்ன என்று அவளுக்கு ஒருகாலத்தில் தெரியும். அருக்காணி அப்போது அவளைப் பார்த்து அந்தச் சொல்லைத்தான் செய்துகொண்டிருந்தாள். எங்கேயோ பார்த்ததுபோல இருக்கிறதே என்று மட்டும் அம்மாவுக்குத் தோன்றியது.

"இத்தனை வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு குடும்பத்தை நான் பார்த்ததில்லை" என்றார் டாக்டர் லோகநாயகி. விசாரணை முடிந்தது, குழந்தை இந்த வீட்டிலேயே இருக்கலாம் என்று தோழியிடம் பதிந்துகொள்ளச் சொன்னார். பிறகு அருக்காணியின் முன்னால் மண்டியிட்டு, அவள் உயரத்துக்கு வந்து, நெற்றியருகே விரலை விரித்தார், மூடினார், நெஞ்சில் வைத்தார், முஷ்டியை ஆட்டினார். அவள் அழுகை நிற்கவில்லை என்பதால் மறுபடியும் செய்தார். சென்னியப்பனும் எழுந்துவந்து செய்தார். பூரணியும் வந்து சேர்ந்துகொண்டாள். பெற்றவர்களும் படித்தவருமாக மூன்று பெரியவர்கள் ஒரு குழந்தையைச் சுற்றி நின்று, தங்களைப் பற்றிய முழு உண்மையையும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூடத்தில் அதைப் புரிந்துகொண்டவள் அவள் ஒருத்திதான்.